மேற்கூரையா, சுவரா, சோலாரா: வீடு கட்டும்போது கூடுதல் பணத்தை எங்கே போடுவது?

வீடு கட்டத் தொடங்குபவர் கொஞ்சம் சுற்றுச்சூழல் அக்கறை உள்ளவராக இருந்தால், அவரிடமிருந்து முதல் கேள்வி கல்லைப் பற்றித்தான் வருகிறது. செங்கல் வேண்டாம் என்கிறார்களே, ஃபிளை ஆஷ் கல் வைக்கலாமா, ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) வைத்தால் வீடு குளிர்ச்சியாக இருக்குமாமே, ஆரோவில்லில் மண் கல் செய்கிறார்களாமே, இப்படி. அடுத்த கேள்வி சோலார். தலைக்கு மேலே வரப்போகும் தளத்தைப் பற்றி ஏறக்குறைய யாருமே கேட்பதில்லை, அது எப்படியும் ஐந்து அங்குலக் கான்கிரீட்தான் என்று பேச்சே இல்லாமல் முடிவாகிவிடுகிறது. எனக்கு இந்த வரிசை தலைகீழாகப் படுகிறது. நம் ஊர் வெயிலுக்குக் கூடுதலாகப் போடும் முதல் ரூபாய் மேற்கூரைக்குப் போக வேண்டும், அதற்கும் முன்னால் பணமே செலவாகாத சில முடிவுகளை வரைபடத்திலேயே எடுத்துவிட வேண்டும், சுவர்க்கல் அதற்கப்புறம், சோலார் கடைசி. ஏன் என்பதை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது தமிழ்நாட்டுச் சமவெளியில் 30க்கு 40 அடி மனையில், ஆயிரம் சதுர அடியை ஒட்டி, கடன் வாங்கிக் கட்டும் வீடு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது பொருந்தாது. இன்ஜினியர் கொடுத்த மதிப்பீட்டுக்கு மேல் ஒன்றோ இரண்டோ லட்சம்தான் புரட்ட முடியும், அதை எங்கே போட்டால் முப்பது நாற்பது வருடத்துக்கு வீடும் தாங்கும், கரண்ட் பில்லும் தாங்கும், ஊருக்கும் கெடுதல் குறையும் என்பதுதான் கேள்வி.

முதலில் வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்போம். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது, கன்னியாகுமரி 8 பாகையில். ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது, சென்னைக்கு அது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும். கத்திரி வெயில் காலத்தில் நடுப்பகலில் தெற்குச் சுவரில் வெயிலே படாது, மொத்தமும் மொட்டை மாடியில்தான் இறங்கும். காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் தாழ்ந்த வெயிலை வாங்குகின்றன, அதை இரண்டடி சன்ஷேடு தடுக்காது, சூரியன் அதற்குக் கீழே புகுந்து வந்துவிடும். தெற்குச் சுவருக்கு மார்கழி, தை மாதங்களில் வெயில் வரும், ஆனால் அப்போதும் சூரியன் ஓரளவு உயரத்தில் இருப்பதால் சன்ஷேடு போதும். ஆக, தனி வீட்டுக்கு முதல் எதிரி மேற்கூரை, இரண்டாவது மேற்குச் சுவர். மற்ற மூன்று சுவர்களும் அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் செலவுக் கணக்கே மாறிவிடும், ஏனென்றால் நாலு பக்கமும் விலை கூடிய கல்லை வைப்பதற்குப் பதில் ஒரு பக்கத்தையும் தலைக்கு மேலேயும் கவனித்தால் போதும்.

பணம் செலவாகாத முடிவுகள் என்று சொன்னேன் அல்லவா, அதில் பெரியது படுக்கையறை. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வரும். பிற்பகல் வெயில் அப்படியே அடிப்பதும் அதே மூலையில்தான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மாலை நான்கு மணிக்குக் குடித்த சூட்டை ஆறேழு மணி நேரம் கழித்து உள்ளே விடும், அதாவது நாம் படுக்கப் போகும் நேரத்துக்கு. வாஸ்துவை விடச் சொல்லி வீட்டுப் பெரியவர்களிடம் சண்டை போட வேண்டாம். அறையை அங்கேயே வையுங்கள், ஆனால் அதன் மேற்குச் சுவரை நேராக வெயிலுக்குக் காட்டாதீர்கள். மாடிப்படியை மேற்கில் போடலாம், வாஸ்து பார்ப்பவர்களும் பெரும்பாலும் அதை ஒத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் அந்தச் சுவர் முழுக்க அலமாரி வரட்டும், அல்லது பாத்ரூம் அந்தப் பக்கம் வரட்டும். வெளியே இடம் இருந்தால் ஒரு புங்க மரம். மூன்றடிதான் விட்டிருக்கிறீர்கள் என்றால் கம்பி கட்டி ஒரு கொடி ஏற்றலாம், அதுவும் சுவரில் வெயில் படாமல் காக்கும்.

அடுத்தது ஜன்னல். மத்திய அரசு 2018இல் குடியிருப்புகளுக்கென்று இகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன்படி நம் கடலோர ஊர்கள் போன்ற வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த இடங்களில், திறக்கக்கூடிய ஜன்னல் கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ‘திறக்கக்கூடிய’ என்பதைக் கவனியுங்கள். இப்போது எல்லோரும் போடும் யுபிவிசி சறுக்கு ஜன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், அதனால் நாலடி ஜன்னல் வைத்தாலும் காற்றுக்கு இரண்டடிதான். அதே அளவில் முழுசாகத் திறக்கும் கதவு வைத்த ஜன்னல் போட்டால் காற்று இரட்டிப்பாகிறது. ஒரு அறைக்கு இரண்டு பக்கம் திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும், ஒரே சுவரில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று உள்ளே வந்து வெளியேற வழி இல்லை. இரண்டாவது ஜன்னலுக்குச் சுவர் இல்லை என்றால் அறைக்கதவுக்கு மேல் ஒரு வென்டிலேட்டர் விடுங்கள். நம் தாத்தா காலத்து வீடுகளில் அது இருந்தது, ஏசி வந்ததும் அடைத்துவிட்டோம்.

சரி, இனி மேற்கூரை. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கட்டடக்காரர்கள் சூடு கடத்தும் அளவை யு மதிப்பு என்று சொல்வார்கள், குறைந்தால் நல்லது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமும் கீழே பூச்சும் மட்டும் இருந்தால் கணக்குப்படி சுமார் 3.3 வருகிறது. நான் மேலே சொன்ன விதித்தொகுப்பு மேற்கூரைக்கு வைத்திருக்கும் உச்ச அளவு 1.2. கிட்டத்தட்ட மூன்று மடங்கு மோசமான கூரைக்குக் கீழே நாம் குடியிருக்கிறோம், அதைச் சமாளிக்க ஏசி வாங்கி, அந்தக் கரண்டுக்காக எங்கோ நிலக்கரி எரிகிறது.

இதற்கு நம் ஊரில் பழகிய வழி சுருக்கி போடுவது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். தண்ணீர் ஒழுகாமல் வாட்டம் கொடுப்பதற்கு அது மிக நல்ல வேலை, கொத்தனார்களுக்கும் பழக்கம். ஆனால் சூட்டைத் தடுக்கும் என்று நம்பிப் போடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சுருக்கியும் ஓடும் சேர்ந்தால் யு மதிப்பு சுமார் 2.3க்கு வரும், அவ்வளவுதான். 1.2க்கு அது பக்கத்தில்கூட வராது. சிவப்பு ஓடு வந்து விழும் வெயிலில் பெரும்பகுதியைக் குடிக்கவும் செய்கிறது. அதனால் சுருக்கியை மட்டும் போட்டுவிட்டு ‘மேலே வேலை முடிந்தது’ என்று நினைப்பது பாதி வேலை.

அந்தச் சுருக்கிக்குக் கீழே, தளத்துக்கு மேலே, ஒரே ஒரு அங்குலம் எக்ஸ்பிஎஸ் எனப்படும் கெட்டியான நுரைப் பலகை விரித்துவிட்டால் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. யு மதிப்பு 0.8 பக்கம் இறங்கும். இரண்டு அங்குலம் என்றால் 0.5. ஆமாம், அது பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக் நுரைதான், பசுமை என்று பேசிக்கொண்டு அதை வைப்பது சிலருக்கு நெருடும். எனக்கும் அது பிடித்த பொருள் இல்லை. ஆனால் ஒரு தடவை வைக்கிறோம், அது வெயிலே படாமல் சுருக்கிக்கு அடியில் பல ஆண்டுகள் கிடக்கும், அத்தனை ஆண்டும் ஏசி ஓடும் நேரத்தைக் குறைக்கும். ஒரு மனை வீட்டுக்கு இதைவிடப் பலன் தரும் செலவை நான் பார்க்கவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: நுரைப்பலகையை விரிப்பதற்கு முன் தளத்துக்கு நீர்த்தடுப்புப் பூச்சு ஒழுங்காகப் போட்டு, தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதித்துவிட வேண்டும். அப்புறம் ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முழுசையும் பெயர்க்க வேண்டியிருக்கும்.

இதைவிட மலிவான வழி வெள்ளை. வெறும் கான்கிரீட் வெயிலில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு ஐந்தில் நாலு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023இல் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான்: செலவு குறைவு, பழைய வீட்டுக்கும் செய்யலாம், ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு என்று ஏழைகள் இருக்கும் வீடுகளுக்கும் செய்யலாம். சுண்ணாம்புகூடப் போதும். சிக்கல் என்னவென்றால் அழுக்கு. நம் மொட்டை மாடியில் தூசியும் பாசியும் படிந்து இரண்டு மழைக்காலத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும், ஒவ்வொரு பங்குனியிலும் கழுவி மறுபூச்சு அடிக்க ஆள் இருந்தால்தான் அது வேலை செய்யும். வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் இதை நம்பிச் சொல்ல மாட்டேன். அங்கே வெள்ளை நிற ஓடாகவே பதித்துவிடுவது நல்லது. அல்லது உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதிக்கலாம், அது அதிக நாள் தாங்கும், கழுவுவதும் எளிது.

மூன்றாவது வழியைத் தமிழ்நாடு முழுக்க மக்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: மொட்டை மாடிக்கு மேல் ஷீட் போட்டு விடுவது. கட்டடக்கலைப் புத்தகக்காரர்கள் இதை அசிங்கம் என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தளத்துக்கு வெயிலே படாமல் குடை பிடித்த மாதிரி நிழல், இடையில் காற்று ஓடும் இடைவெளி, துணி காயப்போட, வடகம் உலர்த்த, சாயங்காலம் உட்கார இடம், மழை நீரும் சுத்தமாகச் சேர்கிறது. ஆனால் புயல் பாதையில் இருக்கும் ஊர்களுக்கு இது ஆபத்து. 2016இல் வர்தா சென்னையிலும் 2018இல் கஜா டெல்டாவிலும் வீசியபோது, சரியாகக் கட்டாத ஷீட்டுகள் என்ன ஆயின என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கட்டுகிறீர்கள் என்றால் நுரைப்பலகையும் வெள்ளை ஓடும்தான் என் தேர்வு. ஈரோடு, கரூர், திருச்சி என்றால் ஷீட்டைத் தாராளமாக யோசிக்கலாம், தூண்களைத் தளத்தின் பீமோடு இறுக்கிப் போல்ட் போட்டிருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

தளத்தையே வேறு மாதிரி போடும் வழிகளும் இருக்கின்றன. கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் எனக்கு மிகவும் பிடித்தது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே இருக்கும் கான்கிரீட் கம்பியைப் பிடித்து வைப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்த இடத்தில் கம்பிக் கட்டங்களுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டையோ மண் சட்டியையோ வைத்துவிட்டால் கான்கிரீட் மிச்சம், எடை மிச்சம், கீழே இருந்து பார்க்க அழகு, பூச்சுகூடத் தேவையில்லை. சிமென்ட்தான் நம் கட்டடங்களின் பெரிய பாவம். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1450 பாகை சூட்டில் சுடும்போது எரிபொருளின் புகை போதாதென்று கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் வெளியே வருகிறது. உலகத்தின் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டு பங்கு சிமென்ட்டால். ஆகவே கான்கிரீட்டைக் குறைக்கும் எந்த வேலையும் மதிப்புள்ளது. ஆனால் சூட்டுக்கு ஃபில்லர் ஸ்லாப் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், ஓட்டுக்கு மேலேயும் ஓட்டுக்கு நடுவிலும் கான்கிரீட் இருக்கத்தான் செய்கிறது, மேலே வெள்ளையோ நுரைப்பலகையோ இதற்கும் வேண்டும். அப்புறம், கணக்குத் தெரிந்த இன்ஜினியர், பொறுமையான சென்ட்ரிங் ஆள், தளம் போடுவதற்கு முன்பே எலக்ட்ரிக் பைப் எங்கே போகும் என்று முடிவு செய்த வரைபடம், இந்த மூன்றும் இல்லாவிட்டால் இறங்க வேண்டாம். கோவை, புதுச்சேரி பக்கம் இதைச் செய்பவர்கள் கிடைக்கிறார்கள், எல்லா ஊரிலும் அப்படி இல்லை. சாதாரணக் கான்ட்ராக்டரிடம் ‘யூட்யூபில் பார்த்தேன், இப்படிப் போடுங்கள்’ என்று சொல்வது ஆபத்து.

மெட்ராஸ் டெரஸ் பற்றியும் கேட்கிறார்கள். மர உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி வைத்துக் கட்டும் பழைய கூரை அது. பழைய வீட்டைச் சரிசெய்பவர்கள் கட்டாயம் அதைக் காப்பாற்ற வேண்டும். புதிதாகக் கட்ட நல்ல மரமும் கைதேர்ந்த ஆட்களும் வேண்டும், ஆயிரம் சதுர அடி வீட்டுக் கடனில் அது அடங்காது.

இனி சுவர். ஒப்பிட வேண்டியவை நாலு: சூளைச் செங்கல், ஃபிளை ஆஷ் கல், ஏஏசி பிளாக், அழுத்தி எடுத்த மண் கல்.

சூளைச் செங்கல்லைப் பற்றி ஊருக்கே தெரியும். நல்ல சேம்பர் கல் நூறு வருடம் நிற்கும், எந்தக் கொத்தனாருக்கும் கை பழகியது, ஆணி அடித்தால் நிற்கும். விலை கொடுப்பது மண்ணும் விறகும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி யானைகள் நடக்கும் வழியெல்லாம் பள்ளமானது, கடைசியில் 2021இல் அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. அந்த மண் போனது போனதுதான். செங்கல்தான் வேண்டும் என்றால் எண்ணிக்கையையாவது குறைக்கலாம். பேக்கர் பயன்படுத்திய எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் குழி விட்டுக் கட்டுவார்கள். ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் கல் சுமார் நாலில் ஒரு பங்கு குறையும், கலவையும் குறையும், நடுவில் இருக்கும் காற்று சூட்டைக் கொஞ்சம் தடுக்கும். மேஸ்திரி முதல் நாளில் முணுமுணுப்பார், இரண்டு மூன்று வரிசை ஏறியதும் கை பிடிபட்டுவிடும்.

ஃபிளை ஆஷ் கல் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்வது. எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி என்று நமக்கு அந்தச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை, அது குளத்திலும் ஆற்றிலும் கலப்பதைவிடச் சுவரில் இருப்பது எவ்வளவோ மேல். சுடத் தேவையில்லை, அளவு ஒரே மாதிரி இருப்பதால் பூச்சு குறைவு. ஆனால் இதைக் குளிர்ச்சிக்காக வாங்காதீர்கள், சூடு கடத்துவதில் செங்கல்லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தரம் ஆலைக்கு ஆலை மாறும், சரியாகத் தண்ணீர் ஊற்றி ஆற வைக்காத கல் கையிலேயே நொறுங்கும். வாங்கும் முன் நாலைந்து கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்து, இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள்.

ஏஏசி பிளாக்தான் உண்மையிலேயே சூட்டைத் தடுக்கும் கல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யு மதிப்பு சுமார் 2, எட்டு அங்குல ஏஏசி சுவருக்கு அது 0.8க்கும் கீழே. எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு பிளாக் பத்துச் செங்கல்லுக்கும் மேல் இடத்தை அடைக்கும், வேலை மளமளவென்று ஏறும். இவ்வளவு நல்லது இருந்தும் நான் அதை எல்லோருக்கும் சொல்லாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, விரிசல். கான்கிரீட் பில்லரும் பிளாக்கும் சேரும் இடத்தில் கோழிவலை அடிக்காமல், அதற்கென்று இருக்கும் மெல்லிய ஒட்டுக் கலவைக்குப் பதில் சாதாரணச் சிமென்ட் கலவையில் கட்டி, அவசரமாகப் பூசிவிட்டால் முதல் கோடையிலேயே கோடு கோடாக வரும், அதில் மழை இறங்கும். இரண்டாவது காரணம் முக்கியமானது. ஜன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியில் வாழும் வீட்டுக்குச் சுவரின் யு மதிப்பு அவ்வளவு பெரிய உதவி இல்லை, ஏனென்றால் வெளிக்காற்றுதான் உள்ளேயும் ஓடுகிறது. பகலெல்லாம் மூடி ஏசி போடும் வீட்டுக்குத்தான் அது முழுப் பலன் தரும். திறந்து வாழும் வீட்டில் தலைக்கு மேல் கொதிக்கும் தளமும் சுட்டுக் கிடக்கும் மேற்குச் சுவரும்தான் உடம்பைச் சுடுகின்றன. அதனால் பில்லர் வைத்த வீடு என்றால் மேற்குச் சுவரை மட்டும் ஏஏசியில் எழுப்பி, மற்ற மூன்று பக்கமும் ஃபிளை ஆஷோ செங்கல்லோ வைப்பது எனக்குச் சரியான கணக்காகப் படுகிறது, இரண்டும் சேரும் மூலையில் வலையை மட்டும் மறக்கக் கூடாது.

மண் கல்லுக்கு வருவோம். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989 முதல் இந்த வேலையைச் செய்கிறது, சுமார் ஐந்து சதவீதம் சிமென்ட் கலந்த செம்மண்ணை அழுத்து இயந்திரத்தில் கல்லாக்கி, நாலு வாரம் ஈரம் காயாமல் ஆற வைத்து எடுப்பார்கள். சூளை இல்லை, பூச்சு தேவையில்லை, கைவேலைக்குக் கூலி உள்ளூரிலேயே போகிறது. அங்கே இருக்கும் பார்வையாளர் மையத்தைப் போய்ப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வரும். ஆனால் இது மனைக்கு மனை மாறும் முடிவு. அஸ்திவாரமும் மழைநீர்த் தொட்டியும் தோண்டும்போது கொஞ்சம் மணலும் சரளையும் கலந்த செம்மண் வருகிறது என்றால் இதைப்போல் நல்லது இல்லை. கோவில்பட்டிக் கரிசல் மண்ணில் இதைச் செய்ய முடியாது, அது ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும். வேறு ஊரிலிருந்து செம்மண் லாரி ஏற்றிக் கொண்டுவந்து மண் வீடு கட்டினால், தடாகத்தில் நடந்ததைத்தான் வேறு பெயரில் செய்கிறோம். ஐந்து சதவீதம்தானே என்று நினைக்கும் சிமென்ட்டும், கல் அவ்வளவு கனமாக இருப்பதால் ஒரு கன மீட்டர் சுவருக்கு ஏறக்குறைய இரண்டு மூட்டை வந்துவிடும். பூச்சு மிச்சமாவதால்தான் கணக்கு இன்னும் லாபத்தில் நிற்கிறது. ஆகவே மண் கல்லில் கட்டி, மேலே பூசவும் செய்தால் அதில் அர்த்தமில்லை. பூசாத சுவர் மழைச் சாரலில் நனையாமல் இருக்கக் கூரை விளிம்பு நன்றாக வெளியே நீள வேண்டும். முதலில் தோண்டிய மண்ணில் ஒரு கைப்பிடியைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள், சரளை, மணல், வண்டல், களி என்று அடுக்கடுக்காகப் படியும். களியும் வண்டலும் மட்டுமே தெரிந்தால் இந்த யோசனையை விட்டுவிடலாம்.

சுவரோடு சேர்ந்த இன்னொரு விஷயம். தரைத்தளமோ ஒரு மாடியோ உள்ள வீட்டுக்கு, மண் கெட்டியாக இருந்தால், பில்லரே இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவரிலேயே பாரத்தை இறக்கலாம். நிலநடுக்கத்துக்காக லிண்டல் மட்டத்திலும் தள மட்டத்திலும் சுற்றிவரக் கான்கிரீட் பட்டை வேண்டும், அதை இன்ஜினியர் சொல்வார். இப்போது எந்தச் சிறு வீட்டுக்கும் பன்னிரண்டு பில்லர் நிற்பது பெரும்பாலும் பழக்கத்தால்தான். அதில் போகும் கம்பியும் சிமென்ட்டும்தான் கல்லை மாற்றி மிச்சப்படுத்தும் எதையும்விட அதிகம். பில்லர் கட்டாயம் என்றால் சிமென்ட்டையாவது மாற்றுங்கள்: 53 கிரேடு ஓபிசி என்ற சாதாரணச் சிமென்ட்டுக்குப் பதில் பிபிசி என்ற கலப்புச் சிமென்ட், அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் கலந்திருக்கும். ஆரம்பத்தில் மெதுவாக இறுகும், அதனால் சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்காமல் கூடுதல் நாள் விட்டு, தண்ணீரும் கூடுதல் நாள் ஊற்ற வேண்டும்.

கடைசியாகச் சோலார். மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் 2024இல் வந்த பிறகு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 3 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம். நம் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 200 யூனிட் பக்கம் ஓட்டும் குடும்பத்துக்குச் சோலாரில் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். கொதிக்கும் கூரைக்குக் கீழே மூன்று ஏசி ஓட்டி, அதற்குச் சோலார் போடுவதைவிட, முதலில் கூரையைச் சரிசெய்து ஏசியை ஒன்றாகக் குறைத்து, அப்புறமும் 500 யூனிட் தாண்டினால் சோலாருக்குப் போவதுதான் சரி. ஆனால் வீடு கட்டும்போதே மாடிக்கு ஒரு காலிப் பைப்பும், ஸ்டாண்ட் நிறுத்த இடமும் விட்டு வையுங்கள். பிறகு போடும்போது பேனலை மொட்டை மாடியில் ஏதோ ஒரு மூலையில் வைக்காதீர்கள். 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல், சுமார் 170 சதுர அடி. அது ஒரு படுக்கையறையின் அளவு. ஆள் நடக்கும் உயரத்தில் சட்டம் அடித்து, கன்னி மூலைப் படுக்கையறைக்கு நேர் மேலே, தெற்கு பார்த்து வைத்தால் மின்சாரமும் வரும், தளத்துக்கு நிழலும் கிடைக்கும்.

இதையெல்லாம் வைத்து நான் எப்படிப் பிரிப்பேன் என்றால், கடலோரத்தில், சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற இரவிலும் புழுக்கம் குறையாத ஊரில், ஜன்னலுக்கும் மேற்கூரைக்கும் மொத்தப் பணத்தையும் போடுவேன், சுவருக்குக் கூடுதலாக ஒன்றும் தர மாட்டேன், ஃபிளை ஆஷ் கல் போதும். உள்நாட்டில், வேலூர், திருச்சி, கரூர் மாதிரி பகலில் எரித்து இரவில் கொஞ்சமாவது இறங்கும் ஊரில், தடித்த சுவர் உதவும். அங்கே எலிப்பொறிக் கட்டுச் செங்கல்லோ மண் கல்லோ வைத்து, பகலில் ஜன்னலைச் சாத்தி இரவில் திறந்து வாழலாம், கூரைக்கு நுரைப்பலகையும் வெள்ளையும். பகல் முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்த்து ஏசி போடுபவர் எந்த ஊரில் இருந்தாலும் ஏசி ஓடும் அந்த ஒரு அறைக்கு மட்டும் ஏஏசி சுவர் வைப்பது பணத்துக்குத் தகும், வீடு முழுக்க வேண்டாம். மழைநீர் சேமிப்பு 2003இலிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம், அதை ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை, கணக்குக்கு ஒரு குழி தோண்டி மூடாமல் மொட்டை மாடித் தண்ணீர் வடிகட்டியாகித் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும்படி செய்யுங்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு வழி இன்னும் சுருக்கம். சுவரைத் தொட வேண்டாம். பழைய தட்டோடு நன்றாக இருந்தால் கழுவி, விரிசலை அடைத்து, வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடியுங்கள். ஓடு பெயர்ந்து ஒழுகுகிறது, எப்படியும் பெயர்க்கப் போகிறீர்கள் என்றால், அந்தச் செலவோடு செலவாக ஓர் அங்குல நுரைப்பலகையை அடியில் சேர்த்துவிடுங்கள், திரும்ப அந்த வாய்ப்பு வரப் பல வருடம் ஆகும். மாசி, பங்குனியில் வேலையை ஆரம்பித்தால் சுருக்கி காயவும், தண்ணீர் கட்டிச் சோதிக்கவும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தாராளமாக நேரம் இருக்கும்.